ஹல்தூரா: சாவு வீட்டிலிருந்து கல்யாண மண்டபம் வரை

மாஸ்கோவில் ஒரு வயலின்காரர் "வியாழக்கிழமை எனக்கு ஹல்தூரா இருக்கிறது" என்று சொன்னால், தன் இசைக்குழுவுக்கு வெளியே எங்கோ காசுக்கு வாசிக்கப் போகிறார் என்று அர்த்தம். டெல் அவிவில் ஒரு கிட்டார்காரர் அதே சொல்லை ஹீப்ருவில் சொன்னாலும் அர்த்தம் அதேதான். ஆனால் அதே மாஸ்கோவில், கதவு சரியாக மூடாத ஓர் அலமாரியைக் காட்டி ஒருவர் "இது ஹல்தூரா" என்றால் அது திட்டு. ஏனோதானோவென்று, காசை வாங்கினோம் கடமையை முடித்தோம் என்று செய்த வேலை என்று பொருள்.

பக்கத்தில் செய்யும் வேலை, மட்டமாகச் செய்த வேலை என்று இரண்டையும் ஒரே சொல் குறிக்கிறது. இரண்டும் ஒன்றேதான் என்று நம்பியவர்கள்தான் இப்படிப் பெயர் வைத்திருக்க வேண்டும். சோவியத் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், பல நேரங்களில் நிலைமை நேர்தலைகீழாக இருந்தது தெரியும்.

சொல்லின் வேர் சாவு வீட்டில் இருக்கிறது. ரஷ்யச் சொற்களின் வேர்களைத் தொகுத்த மாக்ஸ் ஃபாஸ்மரின் அகராதி 1950-களில் ஹைடல்பெர்க்கில் வெளியானது. இந்தச் சொல்லை அது இடைக்கால லத்தீனின் 'கார்த்துலாரியம்' என்ற சொல்லுக்குக் கொண்டுபோகிறது. இங்கே அதற்குப் பொருள், தேவாலயத்தில் வைத்திருக்கும் இறந்தோர் பெயர்ப் பட்டியல். பாதிரியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆன்ம சாந்திக்கு ஜெபிப்பார். ரஷ்யப் பேரரசின் மேற்கு வட்டார வழக்குகளில் அந்தச் சொல் உருமாறி இழவு வீட்டையும், அங்கே போடும் இலவசச் சாப்பாட்டையும், அந்த வகையில் கிடைக்கும் வரும்படியையும் குறிக்கத் தொடங்கியது. கோயில் பாடகர்களுக்கு இப்படி ஒரு வீட்டுக்குப் போய்ப் பாடினால் நாலு காசு, ஒரு வேளைச் சாப்பாடு. இதைக் கிம்பளம் என்று நினைத்துவிடக் கூடாது. லஞ்சம் இல்லை, வேலைக்குக் கூலிதான். ஒரே நாளில் இரண்டு மூன்று சாவு வந்தால் ஜெபம் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பாடகர்களிடமிருந்து நடிகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் சொல் பரவியது. சாவு வீட்டுத் தொடர்பு மட்டும் அறுபடவே இல்லை. சோவியத் காலத்தில் உணவகங்களிலும் நடன அரங்குகளிலும் வாசித்த வாத்தியக்காரர்களுக்கு 'லாபுஹ்' என்று பெயர். அவர்களுடைய குழூஉக்குறியில் பிணத்துக்கு 'ஜ்மூர்', அதாவது கண்ணை மூடிக்கொண்டவர். ஜ்மூருக்கு வாசிப்பது நல்ல ஹல்தூரா. ஷோப்பாங்கின் சவ ஊர்வல இசையைக் கல்லறை வரை ஊதிக்கொண்டே நடக்க வேண்டும், அவ்வளவுதான். கடும் பனிக்காலத்தில் பித்தளை வாத்தியம் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலின் சங்கடம்.

நாடு முழுவதும் இந்தச் சொல் பரவியது 1917 புரட்சிக்குப் பிறகு வந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில். பணத்துக்கு மதிப்பில்லை, நகரங்களில் ரொட்டி இல்லை. கலைஞர்கள் செம்படை முகாம்களுக்கும் ஆலைக் கழகங்களுக்கும் போய் நடித்து, பாடி, மாவும் மீனும் ரேஷனாக வாங்கிவந்தார்கள். ஒரே நாளில் பல மேடைகள். ஒத்திகை கிடையாது, அரங்கப் பொருள் கிடையாது. பசி தீர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. 1920-களின் பத்திரிகைகளில் ஹல்தூராவை ஒழிக்கச் சொல்லும் கண்டனங்கள் வழக்கமாகிவிட்டன. சொல் வசைச்சொல்லாகக் கெட்டிப்பட்டது இந்தப் பத்தாண்டில்தான்.

அந்தக் காலத்து ஹல்தூராக்காரரை இல்ஃப், பெத்ரோவ் இருவரும் 1928-ல் வெளியான 'பன்னிரண்டு நாற்காலிகள்' நாவலில் நிரந்தரமாகப் பிடித்து வைத்துவிட்டார்கள். லியாப்பிஸ் என்றொரு கவிஞர் அதில் வருகிறார். அவர் கைவசம் கவ்ரீலா என்ற ஒரே நாயகன். ரொட்டித் தொழில் பத்திரிகைக்குப் போகும்போது கவ்ரீலா ரொட்டி சுடுவான், வேட்டைப் பத்திரிகைக்கு முயல் வேட்டையாடுவான், இன்னோர் இடத்தில் தபால்காரன் ஆகிவிடுவான். தபால்காரக் கவ்ரீலாவைப் பாசிஸ்டுகள் சுட்டுவிடுகிறார்கள். ஆனாலும் கடிதத்தை உரிய முகவரியில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்கிறான். சம்பவம் எந்த நாட்டில் நடக்கிறது என்று ஆசிரியர் கேட்கும் கேள்விதான் சிக்கல். சோவியத்தில் பாசிஸ்டுகள் இல்லை, வெளிநாட்டில் கவ்ரீலாக்கள் இல்லை. இதே லியாப்பிஸ் கடலலை 'விரையும் ஜாக்கி போல' விழுந்தது என்று எழுதியவர். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்கும் கருவி என்று அவருக்குத் தெரியாது. விழுகிற ஏதோ ஒன்று என்று நினைத்துவிட்டார். தெரியாத துறையில் அவசரமாக எழுதிக் காசு பார்க்கும் எவரையும் ரஷ்யர்கள் இன்றும் அந்த ஜாக்கியை வைத்துக் கேலி செய்கிறார்கள்.

எனக்கு இந்தக் கேலி பிடிக்கும். ஆனால் அதே 1920-களில் இதற்குப் பொருந்தாத ஆட்களும் இருந்தார்கள். கவிஞர் மாயகோவ்ஸ்கி அரசுக் கடைகளுக்கும் மோசெல்ப்ரோம் என்ற அரசு உணவு நிறுவனத்துக்கும் விளம்பர வரிகள் எழுதினார். படங்களை ஓவியர் ரோட்ச்சென்கோ வரைந்தார். சக கவிஞர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். தன் சுயசரிதைக் குறிப்பில் அவர், மோசெல்ப்ரோமுக்கு எழுதிய விளம்பர வரியைத் தான் மிக உயர்ந்த தரக் கவிதையாகவே மதிப்பதாக எழுதி வைத்தார். லெனின்கிராட்டில் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் அப்பா 1922-ல் இறந்துவிட, குடும்பத்தில் பணம் இல்லை. மகன் 1924 முதல் மௌனப்பட அரங்குகளில் திரைக்கு அருகே பியானோ வாசித்தான். அந்த வேலையை அவன் வெறுத்தான். அதே நாள்களில் எழுதிய முதல் சிம்பொனி 1926 மே மாதம் அரங்கேறியபோது வயது 19. பக்கத்து வேலை எல்லாரையும் கெடுத்துவிடும் என்பவர்கள் இந்த இரண்டு பேரையும் எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

பக்கத்து வேலையும் மட்டமான வேலையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டது ரஷ்யாவில் மட்டும் நடந்ததில்லை. பழைய போலந்தில் கைவினைஞர் சங்கத்தில் (கில்டு) சேராமல் தனியாகத் தொழில் செய்த கைவினைஞருக்குப் 'பர்தாச்' என்று பெயர். சங்கத்துக்கு அவர் போட்டியாள். கொஞ்சக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு, வேலையைக் கெடுப்பவர் என்ற அர்த்தம் வந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் 'ஃபுஷர்' என்ற சொல்லுக்கும் அதே கதி. ஆஸ்திரியாவில் இன்றும் 'ஃபுஷ்' என்றால் கணக்கில் வராத பக்கத்து வேலை, சொதப்பிய வேலை இரண்டும்தான். பெயர் வைக்கும் அதிகாரம் சங்கத்திடம் இருந்தது, அனுமதிச் சீட்டும் அவர்களிடமே இருந்தது. வெளியே இருப்பவனுடைய நாற்காலி உறுதியாக இருந்தாலும் சங்கத்துக்கு அது மட்டமான நாற்காலி. சோவியத் ஒன்றியத்தில் இந்தச் சங்கத்தின் இடத்தில் அரசே இருந்தது.

அங்கே வேலை என்றால் அரசு தந்த வேலை. அது இல்லாதவர்மீது 1961 மே மாதம் வந்த 'ஒட்டுண்ணி' ஆணை பாயும். கவிஞர் ஜோசஃப் பிராட்ஸ்கி மொழிபெயர்த்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலை செய்தும் வாழ்ந்துகொண்டிருந்தார். 1964-ல் லெனின்கிராட் நீதிமன்றம் அதை வேலையாகவே எடுத்துக்கொள்ளாமல், வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பகுதியில் 5 ஆண்டு கட்டாய உழைப்புக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே விடுவிக்கப்பட்டார். ஹல்தூரா மட்டுமே செய்து வாழ்வது குற்றம். அரசு வேலை ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் செய்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த விதி இதுதான்.

பக்கத்தில் செய்யாமல் பலருக்கு முடியாது. 1980-ல் சராசரி மாதச் சம்பளம் 169 ரூபிள். இளம் பொறியாளரின் 120 ரூபிள் சம்பளம் நகைச்சுவைத் துணுக்குகளில் நிரந்தரமாக இடம்பிடித்திருந்தது. அதனால் ஆசிரியர்கள் நுழைவுத் தேர்வுக்கு டியூஷன் எடுத்தார்கள். தையல்காரர்கள் வீட்டில் வைத்துத் தைத்தார்கள். அரசு வண்டி ஓட்டுநர்கள் வழியில் ஆள் ஏற்றினார்கள். அதற்கு 'இடப்பக்கம்' போவது என்று பெயர். கோடையில் பொறியாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு குழுவாகச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் போய் மாட்டுக் கொட்டகை கட்டினார்கள். இவர்கள் ஷபாஷ்னிக்குகள், செய்தது ஷபாஷ்கா.

அந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'ஷபாஷ்' என்றால் ரஷ்யத்தில் "வேலை முடிந்தது, நிறுத்து" என்று அர்த்தம். போலந்து மொழி வழியாக வந்த அதன் மூலம் ஹீப்ருவின் 'ஷபாத்', அதாவது வேலை செய்யக் கூடாத ஓய்வு நாள். ஓய்வு நாளின் பெயரை ரஷ்யர்கள் ஹீப்ருவிடம் வாங்கி, ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஹீப்ரு அவர்களிடமிருந்து ஹல்தூராவை எடுத்துக்கொண்டது. கணக்கு நேர்.

ஷபாஷ்னிக்குகளைப் பற்றி ஒரு விஷயம் முக்கியம். அவர்களுடைய கூலி மாதச் சம்பளமாக இல்லை, கட்டி முடித்தால் மொத்தத் தொகை. அதனால் விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை செய்தார்கள். அரசுக் கட்டடப் பிரிவு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் கொட்டகையை ஒரு கோடையில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூட்டுப்பண்ணைத் தலைவர்கள் கணக்கில் காட்ட முடியாத சிரமத்தையும், வழக்கு வரலாம் என்ற பயத்தையும் தாங்கிக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான். அரை மனதோடு நடந்தது நிரந்தர வேலை. முழு மூச்சோடு நடந்தது பக்கத்து வேலை. "அவர்கள் சம்பளம் தருவதாக நடிக்கிறார்கள், நாங்கள் வேலை செய்வதாக நடிக்கிறோம்" என்று அந்தக் காலத்து ஜோக் ஒன்று உண்டு. அந்த நடிப்பு ஆலை வாசலுக்கு உள்ளே நடந்தது.

ஓவியர்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. அரசு மிகப் புனிதமாக நினைத்த வேலைகள், அதாவது லெனின் சிலை, லெனின் படம், பண்டிகைப் பதாகை, ஓவியர்களில் பலருக்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான ஹல்தூராதான். சொந்தப் படத்தை வீட்டில் வைத்து வரைந்தார்கள்; அதைக் காட்சிக்கு வைக்க இடம் கிடையாது. எரிக் புலாத்தோவும் ஒலெக் வசிலியெவும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஆண்டில் பாதி சேர்ந்து குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவார்கள். அந்த வருமானத்தை வைத்து மீதிப் பாதியில் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தங்கள் ஓவியங்களை வரைவார்கள். இல்யா கபக்கோவும் 1950-கள் முதல் 1980-கள் வரை அதே வேலையில்தான் பிழைத்தார். மூவரும் பின்னால் உலகப் புகழ் பெற்றார்கள். காசுக்காகப் படம் போட்ட அந்தத் தேவதைக் கதைப் புத்தகங்களை ரஷ்யப் பெற்றோர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். இதில் எது ஹல்தூரா?

சட்டம் கடைசி வரை குழம்பியே நின்றது. 1986 மே மாதம் 'உழைக்காமல் வரும் வருமானம்' மீது அரசு போர் தொடுத்தது. சந்தைக்குத் தக்காளி விளைவித்தவர்களின் கண்ணாடிக் குடில்கள் கூடச் சில ஊர்களில் இடிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் தனிநபர் தொழிலை அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1987 மே முதல் தேதியிலிருந்து, அரசு வேலை பார்ப்பவர் ஓய்வு நேரத்தில் தைக்கலாம், பழுது பார்க்கலாம், பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்றானது. பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்ததற்குச் சீட்டு கிடைத்தது.

ரஷ்ய மொழியே இந்த இரண்டு அர்த்தங்களையும் பிரித்து வைத்துக்கொள்ள ஒரு வழி செய்திருக்கிறது. வினைச்சொல்லுக்கு முன்னால் 'பத்' என்று சேர்த்து 'பத்ஹல்தூரித்' என்றால் பக்கத்தில் கொஞ்சம் சம்பாதிப்பது. 'ஸ்' சேர்த்து 'ஸ்ஹல்தூரித்' என்றால் சொதப்பிவிடுவது. முதலாவதை ஒருவர் வெட்கப்படாமல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். இரண்டாவது, மற்றவர்களைப் பற்றிச் சொல்வது.

ஹீப்ருவுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் காற்பகுதியில் பாலஸ்தீனத்துக்குக் குடியேறியவர்களில் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர்கள். கட்டட வேலை, பத்திரிகை, மேடை என்று எங்கும் ரஷ்யமும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷும் பேசினார்கள். 1917-ல் மாஸ்கோவில் பிறந்த ஹபிமா நாடகக் குழுவே 1926-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, கடைசியில் டெல் அவிவில் நிலைகொண்டது. பாலகான் (குழப்பம்), புரோத்தெக்ஸியா (சிபாரிசு), கொம்பீனா (குறுக்குவழி ஏற்பாடு) எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். அன்றாட அலுவல் எப்படி நடந்தது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

வந்த சொல்லை ஹீப்ரு தன் அச்சில் வார்த்துக்கொண்டது. அந்த மொழியில் வினைகள் மெய்யெழுத்து வேர்களில் நிற்பவை. ஹல்தூராவிலிருந்து நான்கு மெய்களை உருவி எடுத்து 'லெஹல்தேர்', பக்கத்து வேலை செய்ய, என்று ஒரு வினையை உண்டாக்கிவிட்டார்கள். பன்மை 'ஹல்தூரோத்'. ஆனால் அழுத்தம் மட்டும் கடைசி அசைக்குப் போகாமல் ரஷ்யத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. காது உள்ளவர்களுக்கு அது வெளியூர்ச் சொல் என்று உடனே தெரிந்துவிடும்.

ஹீப்ருவிலும் 'மட்டமான வேலை' என்ற அர்த்தம் உண்டு. இருந்தாலும் ரஷ்யத்தில் இருக்கும் கசப்பு அதில் குறைவு என்றே எனக்குப் படுகிறது. திட்டுவதற்கு அங்கே வேறு சொற்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. போலந்தில் சங்கத்துக்கு வெளியே நின்ற அந்தப் பர்தாச்சும் இத்திஷ் வழியாக ஹீப்ருவுக்கு வந்து, சொதப்பலான வேலைக்குப் பெயராகிவிட்டார். உரிமம் இல்லாமல் வேலை எடுத்துக் கெடுப்பவருக்கு 'ஹாப்பர்' இருக்கிறது. திட்டும் பொறுப்பை இவர்கள் ஏற்றுக்கொண்டதால் ஹல்தூரா கொஞ்சம் இலேசாகி, 'கைவசம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது' என்ற அளவில் புழங்குகிறது. ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓட்டுவது கடினமான நாட்டில், இரண்டாம் வேலையைப் பழிப்பவர் யாரையும் மிச்சம் வைக்காமல் பழிக்க வேண்டியிருக்கும்.

வாத்தியக்காரர்களுக்கு ஹல்தூரா என்றால் முதலில் கல்யாணம்தான். அதற்கு ஒரு காலண்டரே உண்டு. பைபிளின் படைப்புக் கதையில் மூன்றாம் நாளைப் பற்றி 'நல்லது' என்று இரண்டு முறை வருவதால் செவ்வாய்க்கிழமை ராசியான நாள். வார இறுதிக்கு முந்திய வியாழனுக்கும் கிராக்கி அதிகம். பஸ்கா பண்டிகைக்குப் பிறகு லாக் பஓமர் என்ற யூதத் திருநாள் வரையிலும், கோடையில் எருசலேம் கோயில் அழிந்த துக்க நாளுக்கு முந்திய மூன்று வாரங்களிலும் மரபைப் பின்பற்றும் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்த வாரங்களில் வாத்தியக்காரர் கைக்கு வரும் காசு சுருங்கிவிடும்.

1989 முதல் சோவியத் நாடுகளிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் இஸ்ரேலுக்கு வந்தார்கள். விமானத்திலிருந்து வயலின் பெட்டி இல்லாமல் இறங்குகிறவர் பியானோக்காரராகத்தான் இருப்பார் என்று அப்போது ஒரு ஜோக். சில நகரங்கள் இவர்களை வைத்துப் புதிய இசைக்குழுக்களையே தொடங்கின. ரஅனானா நகரின் சிம்ஃபொனெட் 1991-ல் அப்படிப் பிறந்தது. அதற்குள் இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையிலும் மண்டபங்களிலும் வாசித்தார்கள், வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினார்கள். பொறியாளர்கள் பகலில் ஒரு வேலை, இரவில் காவல் வேலை என்று ஓடினார்கள். புது மொழியில் அவர்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருந்த சொற்களில் ஹல்தூராவும் ஒன்று.

அப்புறம் வரி. இஸ்ரேலில் சம்பள வேலை இரண்டு பார்ப்பவர் வரித்துறையிடம் 'வரி ஒருங்கிணைப்பு' செய்துகொள்ளாவிட்டால், இரண்டாம் முதலாளி உச்ச விகிதத்தில் பிடித்தம் செய்வார். எனவே உறையில் ரொக்கமாக வாங்குவதில் எப்போதும் ஓர் ஈர்ப்பு. 2019 ஜனவரி முதல் தேதி ரொக்கப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிமாற்றத்தில் ரொக்க வரம்பு முதலில் 11,000 ஷெக்கெல், 2022 ஆகஸ்ட் முதல் 6,000. கல்யாணத்துக்கு ஒரு முழு வாத்தியக் குழுவை அமர்த்துகிறவர்கள் இந்த வரம்பைச் சுலபமாகத் தொட்டுவிடுவார்கள்.

தற்செயலாக, அதே 2019 ஜனவரி முதல் தேதி ரஷ்யாவும் ஹல்தூராவைக் கணக்குக்குள் கொண்டுவரப் பார்த்தது. அந்த நாடு எடுத்த வழி வேறு. மாஸ்கோ நகரம், மாஸ்கோ மாகாணம், கலூகா, தத்தார்ஸ்தான் ஆகிய நான்கு இடங்களில் 'சுயதொழில்' வரி தொடங்கியது. செல்போன் செயலியில் பதிந்துகொண்டு, தனிநபரிடம் வாங்கிய தொகைக்கு 4 சதவீதம், நிறுவனத்திடம் வாங்கியதற்கு 6 சதவீதம் கட்டினால் போதும். ஆண்டு வருமான வரம்பு 24 லட்சம் ரூபிள். சம்பள வேலையை விட வேண்டியதில்லை. கேக் செய்பவர்கள், டியூஷன் ஆசிரியர்கள், நகம் அழகுபடுத்துபவர்கள், டாக்சிக்காரர்கள் என்று நாடு முழுவதும் கூட்டம் சேர்ந்தது. 2023 முடிவதற்குள் 90 லட்சத்தைத் தாண்டியது.

இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. தற்போதைய முதலாளியிடமிருந்தோ, கடந்த இரண்டு ஆண்டுக்குள் முதலாளியாக இருந்தவரிடமிருந்தோ வரும் பணத்தைச் சுயதொழில் வருமானமாகக் காட்டக் கூடாது. காரணம் எளிது. ஊழியரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, அதே மேசையில் அதே வேலைக்குச் சுயதொழிலாளராக உட்கார வைத்தால் நிறுவனத்துக்குக் காப்பீட்டுத் தொகை மிச்சம், விடுப்புச் சம்பளம் மிச்சம். தடை இருந்தும் வேறொரு நிறுவனத்தின் பெயரை நடுவில் வைத்து இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மாதா மாதம் ஒரே தேதியில், ஒரே இடத்திலிருந்து, ஒரே தொகை வருகிறதா என்று வரித்துறை செயலியின் கணக்குகளை அலசிக்கொண்டிருக்கிறது. நிரந்தர வேலையை ஹல்தூராவாக மாற்றும் வேலையை இப்போது முதலாளிகளே செய்கிறார்கள்.